டியேகோ சிமியோனே: ஒரு பயிற்சியாளரை இவ்வளவு கொண்டாடுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயின் கிளப்பான அத்லெட்டிகோ மாட்ரிட்டின் ஆட்டங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது அந்தப் பாட்டைப் பற்றித்தான். "ஓலே, ஓலே, ஓலே, சோலோ சிமியோனே" என்று அரங்கமே பாடும். பயிற்சியாளரான அவரோ கறுப்பு சூட்டில் ஆடுகளக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார், ஆடவே இல்லை. கால்பந்து நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் அவருடைய ரசிகன். அதை மறைக்கப் போவதில்லை. அவர்மேல் வைக்கப்படும் குறைகளையும் விட்டுவிடப் போவதில்லை.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1970 ஏப்ரல் 28 அன்று புவனோஸ் ஐரஸில் பிறந்தவர். 1987-ல் வேலஸ் சார்ஸ்பீல்டு கிளப்பில் ஆடத் தொடங்கினார். பிறகு இத்தாலியில் பீசா, ஸ்பெயினில் செவியா, அத்லெட்டிகோ மாட்ரிட், மறுபடி இத்தாலிக்குப் போய் இன்டர் மிலான், லாட்சியோ, திரும்ப அத்லெட்டிகோ, கடைசியாக அர்ஜென்டினாவில் ராசிங். இத்தனை இடங்களிலும் நடுக்கள வீரர். அர்ஜென்டினாவுக்காக 106 ஆட்டங்கள் ஆடி 1991, 1993 கோபா அமெரிக்கா வென்ற அணிகளில் இருந்தார். மூன்று உலகக் கோப்பைகளில் ஆடினார்.

2006-ல் ஆட்டத்தை நிறுத்திய கையோடு அதே ராசிங்குக்குப் பயிற்சியாளர் ஆகிவிட்டார். 2011 டிசம்பர் 23 அன்று அத்லெட்டிகோ மாட்ரிட்டின் பொறுப்பை ஏற்றார். பெரிய கிளப்களில் பயிற்சியாளர்கள் இரண்டு வருடம் தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயமாக இருக்கும் காலத்தில், இவர் பத்து வருடங்களைத் தாண்டியும் அங்கேயே இருக்கிறார்.

'சோலோ' என்று ஏன் கூப்பிடுகிறார்கள்?

சிறுவனாக வேலஸில் பயிற்சி எடுத்தபோது விக்டோரியோ ஸ்பினெட்டோ என்ற பயிற்சியாளர் வைத்த பெயர். போக்கா ஜூனியர்ஸில் முன்பு ஆடிய கார்மெலோ சிமியோனே என்பவருக்கு அந்தப் பட்டப்பெயர் இருந்தது. குடும்பப் பெயர் ஒன்று, ஆடும் விதத்திலும் ஒற்றுமை. ஆனால் இருவரும் சொந்தக்காரர்கள் இல்லை.

ஆடிய காலத்திலேயே அத்லெட்டிகோ ரசிகர்களுக்கு அவரைப் பிடிக்குமா?

ரொம்பவே பிடிக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் பின்னால் நடந்த எதையும் புரிந்துகொள்ள முடியாது.

1995-96 பருவத்தில் ராடோமிர் ஆன்டிச் பயிற்சியில் அத்லெட்டிகோ ஸ்பெயினின் லீக் பட்டமான லா லீகாவையும் கோப்பைப் போட்டியான கோபா டெல் ரேயையும் சேர்த்து வென்றது. அந்தக் கிளப்பின் வரலாற்றில் இரண்டும் ஒரே வருடத்தில் கிடைத்தது அந்த ஒரு முறைதான். லீக் பட்டம் முடிவானது கடைசி நாளில், விசென்டே கால்டெரோன் அரங்கில், அல்பசேட்டேவுக்கு எதிராக. அன்று 2-0. முதல் கோல் சிமியோனே தலையால் முட்டியது. எதிரணி வீரரைத் துரத்துவதும் பந்தைப் பறிப்பதும்தான் அவர் வேலை. ஆனால் பெனால்டி பெட்டிக்குள் எப்போது ஓட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

தொழில்நுட்பத்தில் அவரைவிடச் சிறந்தவர்கள் அந்த அணியிலேயே இருந்தார்கள். ஆனால் மேல்தட்டில் உட்கார்ந்திருக்கும் ரசிகருக்குக்கூட, இந்த ஆள் என்னைப் போலவே இந்த ஆட்டத்தைப் பார்க்கிறான் என்று தோன்றியது. அந்த எண்ணம் பதினைந்து வருடம் கழித்து வட்டியோடு திரும்பி வந்தது.

அவருடைய முரட்டுத்தனமும் அந்தக் காலத்தில்தான் பேர் வாங்கியது. 1996 டிசம்பரில் அத்லெடிக் பில்பாவோவின் ஹூலென் கெரேரோவின் தொடையில் பூட்ஸால் மிதித்துக் காயப்படுத்தினார். அதற்குச் சாக்குச் சொல்ல எதுவும் இல்லை. பில்பாவோவில் அதை இன்னும் மறக்கவில்லை.

பெக்காமுக்குச் சிவப்பு அட்டை வாங்கிக் கொடுத்தவர் இவர்தானே?

ஆமாம். 1998 ஜூன் 30, செயின்ட் எட்டியென், உலகக் கோப்பை இரண்டாம் சுற்று, எதிரில் இங்கிலாந்து. சிமியோனே பின்னாலிருந்து இடித்துத் தள்ள, குப்புற விழுந்து கிடந்த பெக்காம் காலைத் தூக்கி அவர் கெண்டைக்காலில் ஒரு உதை விட்டார். லேசான உதைதான். சிமியோனே சரிந்தார். பெக்காமுக்குச் சிவப்பு, இவருக்கு மஞ்சள். ஆட்டம் 2-2 ஆக முடிந்து பெனால்டியில் இங்கிலாந்து வெளியேறியது. தேவைக்கு அதிகமாகவே விழுந்ததைச் சிமியோனே பிற்பாடு அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார்.

இங்கிலாந்தில் அவருக்கு நல்ல பெயர் இல்லாமல் போனதற்கு ஆரம்பப் புள்ளி இதுதான். நம் ஊரில் பெரும்பாலோர் பார்ப்பதும் படிப்பதும் பிரீமியர் லீக் வர்ணனை என்பதால் அந்தப் பார்வையே நமக்கும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். மாட்ரிட்டில் அத்லெட்டிகோவை ஆதரிக்கும் பாதியில் அவரைப் பற்றிப் பேசும் விதமே வேறு.

அவர் பயிற்சியாளராக வந்தபோது கிளப் எப்படி இருந்தது?

மோசம். 2011 டிசம்பரில் லீக்கில் பத்தாம் இடம். கோபா டெல் ரேயில் மூன்றாம் டிவிஷனில் இருந்த அல்பசேட்டேவிடம் இரண்டு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியிருந்தார்கள். 1996-ல் எந்த அணிக்கு எதிராகச் சிமியோனே கோல் அடித்துப் பட்டம் வாங்கிக் கொடுத்தாரோ, அதே அல்பசேட்டே. பயிற்சியாளர் கிரேகோரியோ மன்சானோ நீக்கப்பட்டார். உடனடியாகச் சிமியோனே வந்தார்.

கிளப்பின் பழைய கதையையும் சொல்ல வேண்டும். 1974 ஐரோப்பியக் கோப்பை (ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் போட்டி, இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் லூயிஸ் அரகோனெஸ் அடித்த கோலால் அத்லெட்டிகோ முன்னிலை பெற்றது. விசில் ஊதப் போகும் நேரத்தில் பயர்ன் மியூனிக்கின் ஷ்வார்சன்பெக் தூரத்திலிருந்து அடித்துச் சமன் செய்தார். மறு ஆட்டத்தில் 4-0 என்று தோல்வி. ராசியில்லாத கிளப் என்ற பெயர் அப்போதிலிருந்தே ஒட்டிக்கொண்டது. 2000-ல் இரண்டாம் டிவிஷனுக்கே இறங்கி அங்கே இரண்டு பருவங்கள் கிடந்தார்கள்.

அந்தச் சமயத்தில் கிளப் வெளியிட்ட ஒரு விளம்பரம் ஸ்பெயின் முழுக்கப் பேசப்பட்டது. சிக்னலில் கார் நிற்கிறது. பின் சீட்டில் இருக்கும் சிறுவன், "அப்பா, நாம ஏன் அத்லெட்டிகோ ரசிகர்கள்?" என்று கேட்கிறான். அப்பா கண்ணாடியில் மகனைப் பார்க்கிறார். பதில் சொல்ல முடியவில்லை. எதற்கும் உதவாத பாசம் ஒன்றை மகனுக்குச் சொத்தாகக் கொடுத்துவிட்டோமோ என்ற தவிப்பு அந்த முகத்தில் இருக்கும். சிமியோனேவுக்குக் கிடைக்கும் அன்பின் அளவு புரிய வேண்டுமானால் அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தால் போதும்.

சரி, வந்து அப்படி என்ன மாற்றினார்?

ஆறு மாதத்துக்குள் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பை. 2012 மே 9, புக்கரெஸ்ட், அத்லெடிக் பில்பாவோவுக்கு எதிராக 3-0, பால்காவ் இரண்டு கோல். அதே ஆகஸ்டில் ஐரோப்பிய சாம்பியன் செல்சியை சூப்பர் கோப்பையில் 4-1 என்று வென்றார்கள். அடுத்த வருடம் கோபா டெல் ரே, அதற்கடுத்து லா லீகா.

களத்தில் செய்தது பார்க்க எளிமையானது. 4-4-2 அமைப்பு. நால்வர், நால்வராக இரண்டு வரிசைகள், அவற்றுக்கிடையே எதிரணிக்கு இடமே கிடையாது. பக்கவாட்டு நடுக்கள வீரர்களான கோகேயும் அர்தா துரானும் உள்ளே நெருங்கி நிற்பார்கள். நடுவே காபி என்ற வீரர். எதிரணி பந்தை ஓரத்துக்குக் கொண்டுபோகட்டும் என்று விட்டுவிடுவார்கள், அங்கே போனதும் மூன்று பேர் சூழ்ந்துகொள்வார்கள். பந்து கிடைத்தால் நாலு பாஸில் கோல் முகம். கார்னர், ஃப்ரீகிக் என்றால் தற்காப்பு வீரர்களான கோடினும் மிராண்டாவும் மேலே வருவார்கள். இதை 90 நிமிடமும் செய்ய உடம்பு வேண்டும். அதற்கு உருகுவேக்காரரான உடற்பயிற்சியாளர் ஆஸ்கர் ஒர்தேகா இருந்தார். வெயில் கொளுத்தும் பருவ முன் பயிற்சியில் வீரர்களைப் பிழிந்து எடுப்பதற்குப் பெயர்போனவர்.

வீரர்களை இடம் மாற்றி ஆடவைப்பதில் சிமியோனேவின் கண் தனி. விங்கராக இருந்த ஹுவான்ஃபிரான் அவரிடம் வந்து வலது தற்காப்பில் நிலைத்தார். பக்கவாட்டில் ஆடி வந்த கிரீஸ்மன் மத்திக்கு வந்து உலகத் தரத்துக்கு உயர்ந்தார்.

ஆனால் ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கும் மாற்றம் வேறு. "ஆட்டத்துக்கு ஆட்டம்" என்று ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு செய்தியாளர் சந்திப்பிலும் சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டம் பற்றிக் கேட்டாலும் அதே பதில். ராசி, சாபம், விதி என்று பேசியே பழகிய கிளப்பில் அடுத்த ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறு எதையும் பேசக்கூடாது என்று பழக்கினார். இதுதான் அவருடைய மிகப் பெரிய சாதனை என்பது என் கருத்து. கோப்பைகள் அதற்குப் பின்னால் வந்தவை.

2013, 2014 பற்றி அவ்வளவு பேசுகிறார்களே, என்ன நடந்தது?

2013 மே 17. கோபா டெல் ரே இறுதி, ரியால் மாட்ரிட்டின் சொந்த அரங்கமான பெர்னபேயுவில். 1999-க்குப் பிறகு ரியாலை அத்லெட்டிகோ ஒருமுறைகூட வென்றதில்லை. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள்கூட ஒரு வெற்றியைப் பார்த்திராத காலம். ரொனால்டோ முதலில் அடித்தார். டியேகோ கோஸ்டா சமன் செய்தார். ரியால் அடித்த பந்துகள் கம்பத்தில் பட்டுத் திரும்பின. வழக்கமாக அத்லெட்டிகோவுக்கு நடப்பது அன்று எதிராளிக்கு நடந்தது. 98-வது நிமிடத்தில் மிராண்டா தலையால் முட்டினார். 2-1.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2014 மே 17, கேம்ப் நூ. லீக்கின் கடைசி ஆட்டம், எதிரில் பார்சிலோனா. தோற்றால் பட்டம் அவர்களுக்கு, சமன் செய்தால் அத்லெட்டிகோவுக்கு. அரை மணி நேரம் ஆவதற்குள் கோஸ்டாவும் அர்தா துரானும் காயத்தோடு வெளியே. துரான் அழுதுகொண்டே போனார். அப்புறம் அலெக்சிஸ் சான்செஸ் பந்தை மேல் மூலையில் ஏற்றினார். இடைவேளை முடிந்து வந்த கொஞ்ச நேரத்தில் கார்னர், கோடினின் தலை, 1-1. 90 புள்ளிகளோடு சாம்பியன். 2004-ல் வலென்சியா வென்ற பிறகு ரியாலையும் பார்சிலோனாவையும் தவிர யாரும் தொடாத பட்டம் அது. ஆட்டம் முடிந்ததும் பார்சிலோனா ரசிகர்களே எழுந்து கைதட்டினார்கள்.

அப்போது தொலைக்காட்சி உரிமைப் பணத்தில் அந்த இரண்டு கிளப்களும் தலைக்கு அத்லெட்டிகோவைப்போல மூன்று மடங்குக்கும் மேல் வாங்கிக்கொண்டிருந்தன. இதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பட்டத்தின் எடை தெரியும்.

இரண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டங்களில் தோற்றவர். பிறகும் இவ்வளவு மரியாதையா?

2014 லிஸ்பன். கோடினின் கோலோடு முன்னிலையில் இருந்தார்கள். 90 நிமிடம் முடிந்து சேர்த்த நேரத்தில், 93-வது நிமிடத்தில், செர்ஹியோ ராமோஸ் தலையால் முட்டிச் சமன் செய்தார். கால் ஓய்ந்துபோன அணி கூடுதல் நேரத்தில் 4-1 என்று தோற்றது. காயத்திலிருந்து மீளாத கோஸ்டாவை அன்று ஆட்டத்தில் இறக்கி ஒன்பதே நிமிடத்தில் வெளியே எடுத்தது சிமியோனேவின் தவறு. ஒரு மாற்று வீணானது, கடைசியில் அது வலித்தது.

2016 மிலானிலும் அதே ரியால். 1-1, பெனால்டி. ஹுவான்ஃபிரான் அடித்த பந்து கம்பத்தில் பட்டது. அவர் அழுதுகொண்டே ரசிகர்கள் பக்கம் போய் மார்பைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். அங்கிருந்தவர்களும் அழுதுகொண்டே அவருக்குக் கைதட்டினார்கள். வேறு கிளப்பாக இருந்தால் அவர் பெயர் வருடக்கணக்கில் வசையாகியிருக்கும்.

அன்று இரவு சிமியோனே உடைந்துபோயிருந்தார். இது தோல்விதான், யோசிக்க நேரம் வேண்டும் என்றார். போய்விடுவாரோ என்று ஊரே பயந்தது. போகவில்லை. அவரை அந்த மக்கள் நேசிப்பதற்கான காரணங்களில் அவர் போகாமல் இருந்ததும் ஒன்று என்று உறுதியாகச் சொல்வேன். நல்ல வீரர்கள் ஒவ்வொரு கோடையிலும் போனார்கள்: பால்காவ், கோஸ்டா, கோர்த்துவா, பின்னாளில் ரோட்ரி, கிரீஸ்மன். வருடா வருடம் அணியைப் புதிதாகக் கட்டியபடி அவர் அங்கேயே நின்றார்.

அவருடைய ஆட்டம் சலிப்பு தட்டுகிறது என்கிறார்களே?

சில நாட்களில் உண்மைதான். 2022 ஏப்ரலில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான காலிறுதியின் முதல் ஆட்டத்தில் ஐந்து பேர், ஐந்து பேராக இரண்டு சுவர் எழுப்பி உட்கார்ந்தார்கள். கோலை நோக்கி ஒரு முயற்சிகூட இல்லை. அதை நான் ரசித்தேன் என்று சொன்னால் பொய். 2019-ல் 126 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கிய ஜொவாவ் ஃபெலிக்ஸ் அவரிடம் மலரவே இல்லை என்பதும் நியாயமான குற்றச்சாட்டு.

ஆனால் தற்காப்பு மட்டும்தான் அவருக்குத் தெரியும் என்பது பழைய கணக்கு. 2020-21-ல் மூன்று தற்காப்பு வீரர்களோடு, கராஸ்கோவை இடது ஓரம் முழுக்க ஓடவிட்டு, பந்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஆடிய அணி அவருடையதுதான். பார்சிலோனா வேண்டாம் என்று அனுப்பிய லூயிஸ் சுவாரெஸ் அந்த லீக்கில் 21 கோல் அடித்தார். கடைசி நாள் வல்யடோலிடில் வெற்றி கோலும் அவர்தான். பெருந்தொற்றுக் காலம், காலி அரங்கம். விசில் ஊதிய பிறகு புல்லில் உட்கார்ந்து ஃபோனில் வீட்டாரோடு பேசிக்கொண்டே அழுதார்.

மைதானத்தில் அவர் நடந்துகொள்ளும் விதம்?

கையை வீசி வீசி ரசிகர்களைக் கத்தச் சொல்வது, கோட்டு ஓரத்தில் ஓடுவது எல்லாம் அழகு. எல்லாமே அழகு அல்ல. 2014 ஸ்பானிய சூப்பர் கோப்பையில் நான்காவது நடுவரின் தலையில் தட்டி எட்டு ஆட்டத் தடை வாங்கினார். 2019-ல் யுவென்டஸுக்கு எதிராக ஆபாசமாகச் சைகை செய்து 20,000 யூரோ அபராதம் கட்டினார். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பயிற்சியாளருக்குக் கை கொடுக்காமல் சுரங்கப் பாதைக்குள் ஓடிவிடுவது பற்றிப் பலமுறை சர்ச்சை வந்திருக்கிறது. ஜெயித்தவரும் தோற்றவரும் அந்த நிமிடத்தில் ஒரே மனநிலையில் இருக்க மாட்டார்கள், அதனால் அதில் அர்த்தமில்லை என்பது அவர் சொல்லும் காரணம். என்னைக் கேட்டால் ஒரு கை கொடுப்பதில் யாரும் குறைந்துவிட மாட்டார்கள்.

2025 மார்ச்சில் இன்னொரு முகத்தைக் காட்டினார். ரியாலுக்கு எதிரான பெனால்டி சுற்றில் அத்லெட்டிகோவின் யூலியன் ஆல்வரெஸ் கால் வழுக்கி, அடித்த பந்து அவருடைய இன்னொரு காலிலும் பட்டதாகச் சொல்லி அந்த கோல் ரத்தானது. அத்லெட்டிகோ வெளியேறியது. சாம்பியன்ஸ் லீக்கில் ரியாலிடம் ஐந்தாவது முறை. செய்தியாளர் அறையில் சிமியோனே கத்தவில்லை. இரண்டு முறை பட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டு, காத்திருந்தார். சில மாதங்களில் விதியே தெளிவாக்கப்பட்டது: தெரியாமல் இரண்டு முறை பட்டு பந்து கோலுக்குள் போனால் பெனால்டியைத் திரும்ப அடிக்கலாம். அத்லெட்டிகோவுக்குத்தான் அது பயன்படவில்லை.

ரசிகர்கள் அவரைக் கேள்வியே கேட்டதில்லையா?

கேட்டிருக்கிறார்கள். 2022 இலையுதிர் காலத்தில் சாம்பியன்ஸ் லீக்கில் போர்ட்டோ, ப்ரூஜ், லெவர்குசென் இருந்த குழுவில் கடைசி இடம். லெவர்குசெனோடு நடந்த ஆட்டத்தில் நடுவர் விசில் ஊதிய பிறகு வீடியோ பார்த்துப் பெனால்டி கொடுத்து, கராஸ்கோ அடித்ததைத் தடுத்து, திரும்பி வந்த பந்து கம்பத்தில் பட்டு, அதற்கடுத்த அடி சொந்த அணி வீரர் மேலேயே பட்டு வெளியே போனது. அந்த மாதங்களில் அவர் காலம் முடிந்தது என்று எழுதாத பத்திரிகை இல்லை. அந்தப் பருவத்தை லீக்கில் மூன்றாம் இடத்தோடு முடித்தார்கள். 2023-ல் லூயிஸ் அரகோனெஸின் 612 ஆட்டங்கள் என்ற கிளப் சாதனையைத் தாண்டினார். அதே வருடம் 2027 வரை ஒப்பந்தம் நீண்டது.

அர்ஜென்டினாவில் கதை இப்படி இல்லை. 2006-ல் எஸ்துதியாந்தெஸ் கிளப்புக்கு 23 வருடம் கழித்துப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2008-ல் ரிவர் பிளேட்டை சாம்பியனாக்கினார், அடுத்த லீக் தொடரிலேயே அதே அணி கடைசி இடத்துக்குச் சரிந்தது, விலகினார். எங்கே போனாலும் கொண்டாடப்படும் ஆள் அல்ல அவர்.

ஜிதான், கார்டியோலா போன்றவர்களின் புகழோடு ஒப்பிடலாமா?

அவர்களும் நடுக்கள வீரர்களாக இருந்து பயிற்சியாளர் ஆனவர்கள்தான். கோப்பைகளை எண்ணினால் சிமியோனே அருகில்கூட வர முடியாது. ஜிதான் தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக் வென்றவர். கிட்டத்தட்ட ஒத்துவரும் உதாரணம் ரிவர் பிளேட்டின் மார்செலோ கயார்தோ. அவரும் அதே கிளப்பில் நடுக்களத்தில் ஆடியவர், பயிற்சியாளராகி இரண்டு முறை தென் அமெரிக்கக் கிளப்களின் லிபர்தடோரெஸ் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், அரங்கத்துக்கு வெளியே சிலையே வைத்துவிட்டார்கள்.

மகன் ஜூலியானோ அணியில் இருப்பது சிபாரிசா?

அவர் ஓடுவதைப் பத்து நிமிடம் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

புதிதாகப் பார்க்கிறவர் எந்த ஆட்டத்திலிருந்து தொடங்கலாம்?

மேலே சொன்ன 2013, 2014 மே 17 ஆட்டங்கள் இரண்டும். அப்புறம் 2014 ஏப்ரல் 30, ஸ்டாம்போர்டு பிரிட்ஜில் செல்சியை 3-1 என்று வென்ற சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. இந்த வீரர்களைப் பெற்ற தாய்மார்களுக்கு அவர் நன்றி சொன்னது அன்றுதான்.

நேரம் குறைவு என்றால் 2020 மார்ச் 11, ஆன்ஃபீல்டு, கூடுதல் நேரத்தை மட்டும் பாருங்கள். லிவர்பூல் 2-0 என்று முன்னே போனது. அதுவரை தற்காப்பு நடுக்கள வீரராக அறியப்பட்ட மார்கோஸ் யோரெந்தேயைச் சிமியோனே மாற்று ஆளாக இறக்கி முன்வரிசைக்கு அனுப்பியிருந்தார். அவர் இரண்டு கோல், கடைசியில் மொராட்டா ஒன்று, 3-2. யோரெந்தே அதற்குப் பிறகு தற்காப்பு நடுக்களத்துக்குத் திரும்பவே இல்லை என்று சொல்லலாம். வீட்டு நாய்க்கு 'ஆன்ஃபீல்டு' என்று பெயர் வைத்தார்.